காசி, கயா போகிறவர்கள் புத்தர் தலங்களையும் பார்த்துவிட்டு வரலாம்

திதி கொடுக்கக் காசிக்கும் கயாவுக்கும் போகிற நம்மூர்க்காரர்களில் பலர், பக்கத்திலேயே இருக்கும் புத்த கயாவையும் சாரநாத்தையும் எட்டிக்கூடப் பார்க்காமல் ரயிலேறிவிடுகிறார்கள். கூட ஐந்து நாள் ஒதுக்கினால் புத்தர் பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதல் உபதேசம் செய்த இடம், பரிநிர்வாணம் அடைந்த (உயிர் நீத்த) இடம் நான்கையும் பார்த்துவிடலாம். அவர் வாழ்க்கை வரிசைப்படிதான் போவேன் என்று அடம் பிடித்தால் நேபாளத்தில் இருக்கும் லும்பினியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வீண் அலைச்சல். கயா, காசி, கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து குசிநகர், அப்புறம் லும்பினி. நவம்பரோ பிப்ரவரியோ நல்லது, ஜனவரிப் பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும்.

புத்தர் ஞானம் பெற்ற புத்த கயாவில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். மகாபோதி கோயிலுக்குள் செல்போனை விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் லாக்கர் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். விடியற்காலையில் போய், உள்ளே இருக்கும் புத்தரைக் கும்பிட்டதோடு திரும்பிவிடாமல் பின்பக்கம் போதி மரத்தடியில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். இந்தப் பக்கம் சிங்களத்து யாத்ரிகர்கள் பாலி மொழியில் ஓத, அந்தப் பக்கம் திபெத்திய பிக்குகள் பலகை மேல் விழுந்து விழுந்து கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இலையைப் பறிக்கக் கூடாது. உதிர்ந்ததை எடுக்கலாம், உங்களுக்கு முன்னால் நாலு பேர் பாயாமல் இருந்தால். (இது புத்தர் அமர்ந்த அதே மரமில்லை, முந்தைய மரம் 1876இல் விழுந்தபின் நட்ட கன்றுதான் இப்படி வளர்ந்து நிற்கிறது.)

முதல் உபதேசம் நடந்த சாரநாத் காசியிலிருந்து சுமார் 10 கி.மீ., ஆட்டோ போதும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகம் விடுமுறை. நம் ரூபாய் நோட்டில் இருக்கும் அசோகர் சிங்கங்களின் அசல் அங்கேதான் இருக்கிறது, நான் முதல் தடவை பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன்.

பரிநிர்வாணம் அடைந்த குசிநகருக்கு அரை நாள் போதும். கோரக்பூரிலிருந்து 50 கி.மீ. சொச்சம், பஸ் உண்டு. ஆறு மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து படுத்திருக்கும் புத்தரின் முகத்தைத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்று பாருங்கள், முகபாவம் மாறும்.

லும்பினிக்கு சுனௌலியில் நேபாள எல்லையை நடந்தே கடந்து, அந்தப் பக்கம் வண்டி பிடிக்கலாம். நமக்கு விசா வேண்டாம், ஆனால் ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்கட்டும். மாயாதேவி கோயிலுக்குப் பக்கத்தில் அசோகர் நட்ட தூணைத் தவறவிடாதீர்கள்: புத்தர் பிறந்த ஊர் என்பதற்காக வரியைக் குறைத்ததை அதில் பொறித்திருக்கிறார். புத்த மடங்கள் தூரந்தூரமாகச் சிதறிக் கிடக்கின்றன, வாடகை சைக்கிளோ இ-ரிக்‌ஷாவோ எடுத்துக்கொள்ளுங்கள்.