டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எந்த ஆயிலைத் தேர்ந்தெடுப்பது?

ஆர்எக்ஸ் 100, பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், வயலில் ஓடும் பிரஷ் கட்டர், மீன்பிடி படகின் அவுட்போர்டு எஞ்சின் ஆகிய எல்லாவற்றுக்கும் ‘2டி ஆயில்’ என்று கேட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை ஊற்றிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் இந்த எஞ்சின்கள் ஒரே அளவு சூடாவதில்லை. ஆகவே விலையையோ பிராண்டையோ பார்ப்பதற்கு முன், ஆயில் எந்த வகை எஞ்சினுக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் அடியில் தேங்கி நின்று, திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் அது பெட்ரோலுடன் எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் நுழைந்து, பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்த பின் எரிந்து வெளியேறிவிடுகிறது. எனவே நன்றாக வழுக்கினால் மட்டும் போதாது. பெட்ரோலில் எளிதில் கரைய வேண்டும், சாம்பலும் கரியும் அதிகம் விடாமல் எரியவும் வேண்டும். கார் எஞ்சின் ஆயிலில் சேர்க்கப்படும் உலோகச் சேர்மங்கள் எரிந்தால் சாம்பலாகி, ஸ்பார்க் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும் என்பதால், அவசரத்துக்குக்கூட அதை ஊற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் தரக்குறியீட்டைப் படியுங்கள். காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கு ஜப்பானின் ஜாஸோ தரம் நல்ல வழிகாட்டி. அதில் எஃப்பி அடிப்படைத் தரம். எஃப்சி புகையையும் சைலன்சர் அடைப்பையும் குறைப்பது. எஃப்டி அவற்றோடு பிஸ்டனை இன்னும் சுத்தமாக வைத்திருப்பது. ஐஎஸ்ஓ முறையில் எஃப்டிக்கு இணையானது இஜிடி. பைக்குக்கும், முழு வேகத்தில் நெடுநேரம் ஓடும் செயின் சா, பிரஷ் கட்டர் போன்றவற்றுக்கும் எஃப்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எஃப்சி போதும். தரக்குறியீடே இல்லாத டப்பாவையும், திறந்த டின்னிலிருந்து அளந்து தரும் ஆயிலையும் தவிர்த்துவிடுங்கள். சிவப்பு, நீலம், பச்சை என்ற நிறங்கள் பெட்ரோலில் ஆயில் கலந்திருப்பதைக் காட்டும் சாயமே தவிர, தரத்தின் அடையாளம் அல்ல.

நீரால் குளிரும் அவுட்போர்டுக்கு வேண்டியது டிசி-டபிள்யூ3 (TC-W3) தரம். சாம்பல் தராத சேர்மங்களால் ஆன இந்த ஆயில், குளிர்ச்சியாக ஓடும் எஞ்சினுக்குப் பொருத்தமானது. அதையே கடும் சூட்டில் ஓடும் பைக்கில் ஊற்றினால் பிஸ்டன் ரிங்குகள் கரியில் ஒட்டிக்கொள்ளக்கூடும்; பைக் ஆயிலை அவுட்போர்டில் ஊற்றினால் பிளக்கில் சாம்பல் படியும். ‘படகுக்கே தாங்குகிறது, பைக்குக்குத் தாங்காதா?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

ரேஸ் ஓட்டுபவர்கள் விரும்பும் ஆமணக்கு எண்ணெய் சார்ந்த ஆயில், உயர் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் காக்கும். ஆனால் பிசின் போன்ற படிவை விட்டுச் செல்வதால், அடிக்கடி எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்ய முடியாதவர்களுக்கு அது உதவாது.

கலவை விகிதத்தை எஞ்சின் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 40:1 என்றால் 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மூடியால் உத்தேசமாக ஊற்றாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சாலோ அளவுக்குவளையாலோ அளந்து ஊற்றுங்கள். கேனில் பாதி பெட்ரோலை எடுத்து, ஆயிலை விட்டுக் குலுக்கிய பிறகு மீதியை நிரப்பினால் நன்றாகக் கலக்கும். ஆயில் கூடினால் எஞ்சினுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அந்த அளவுக்குப் பெட்ரோலின் பங்கு குறைவதால் காற்று-எரிபொருள் கலவை சற்று வறண்டுபோகிறது, கரியும் சேர்கிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நுனி இளம் பழுப்பாக இருந்தால் சரி, கறுத்து, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் அளவையும் கார்புரேட்டரையும் சோதிக்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், தேவையான அளவு மட்டும் கலந்து, மூடிய கேனில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

ஆர்எக்ஸ் 100 போல ஆயில் டேங்க்கும் பம்பும் தனியாக உள்ள வண்டியில், பம்ப் சரியாக இயங்கும்வரை பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. அந்த டேங்க் ஒருமுறை முழுவதும் வற்றிவிட்டால், மறுபடி நிரப்பியதும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஆயில் ஒழுங்காக வருவது உறுதியாகும்வரை ஆயில் கலந்த பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.