முதலில் ‘ஒன்றுக்கு எவ்வளவு?’

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு விகிதக் கணக்கு பிடிபடவில்லையா? ஊட்டி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் கேரட் கடை முன் நிறுத்துங்கள். 3 கிலோ 150 ரூபாய் என்றால் 7 கிலோ எவ்வளவு? பிள்ளைகள் உடனே குறுக்குப் பெருக்கலுக்குப் போவார்கள். வேண்டாம். முதலில் ஒரு கிலோவின் விலையைக் கேளுங்கள்: 150 ÷ 3 = 50. பிறகு 7 × 50 = 350. பாடப்புத்தகத்தில் வரும் ஓரலகு முறை இதுதான்.

எதை எதால் வகுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 3-ஐ 150-ஆல் வகுத்தாலும் ஒரு விடை வரும், 0.02. அது ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் கேரட், அதாவது 20 கிராம். தப்பில்லை, ஆனால் நாம் கேட்டது அதுவல்ல. அதனால் எண்ணோடு ‘ரூபாய்/கிலோ’ என்று அலகையும் எழுத வையுங்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடவே கூடாது.

இன்னொன்று, வீதம் மாறாமல் இருந்தால்தான் இந்த வழி செல்லும். மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் பாதை சுமார் 46 கி.மீ. கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரத்தின் பிடியில் மெதுவாக ஏறும் ரயில், குன்னூரைத் தாண்டினால் வேகம் கூட்டும். முதல் ஒரு மணி நேரத்தில் போன தூரத்தை வைத்து ஊட்டி சேரும் நேரத்தைச் சொல்ல முடியாது. கணக்கில் ‘ஒரே வேகத்தில்’ என்று இருக்கிறதா என முதலில் தேடச் சொல்லுங்கள்.