வீட்டு டிவியில் படம் பார்ப்பது எப்படி: ஒரு பழைய ஆபரேட்டர் சொல்வது

வடசென்னையில் ஒரு தியேட்டரில் புரொஜக்டர் ஆபரேட்டராக இருந்தேன். புரொஜக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலம் அது. அந்தத் தியேட்டர் இன்றைக்கு இல்லை. இப்போது நான் படம் பார்ப்பதெல்லாம் பெரம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "தாத்தா, பழைய படம்னா போரடிக்குது" என்று சொன்னால் எனக்கு மனசு கேட்காது. பல சமயம் குற்றம் படத்தில் இல்லை, அதை டிவி காட்டுகிற விதத்தில் இருக்கிறது. புரொஜக்டர் கேபினில் நாங்கள் பார்த்த வேலையை வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ரிமோட்டை எடுங்கள். 1950களில் வந்த படங்களின் சட்டகம், அகலத்துக்கு உயரம் என்று பார்த்தால், கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று. தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான 'ராஜராஜ சோழன்' வந்ததே 1973இல்தான். நம் டிவியோ 16க்கு 9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று பலர் படத்தை இழுத்து நிரப்பிவிடுகிறார்கள். இழுத்தால் முகம் உப்பிப்போகும். பெரிதாக்கினால் நெற்றியும், ஆடுகிறவர் பாதமும் வெட்டுப்படும். பட்டை பாட்டுக்கு இருக்கட்டும். சில பிரதிகளை இணையத்தில் ஏற்றும்போதே வெட்டியிருப்பார்கள். தலைகள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் வேறு பிரதி தேடுங்கள்.

அடுத்தது, டிவி செய்கிற வேண்டாத வேலை. ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். அவற்றுக்கு நடுவே டிவி தானாகவே புது ஃபிரேம்களைச் செய்து சொருகிவிடுகிறது. நல்ல சினிமாகூட சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு தெரிவது இதனால்தான். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. மெனுவில் 'மோஷன்' என்று வருகிற இடத்தில் தேடி அணைத்துவிடுங்கள். பிக்சர் மோடை 'விவிட்'டில் இருந்து 'சினிமா' அல்லது 'மூவி'க்கு மாற்றுங்கள். கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும், அப்புறம் கண் பழகிவிடும்.

சரி, விளக்கு. 'அந்த நாள்' (1954) படத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே இல்லாத படம். மாருதி ராவ் ஒளிப்பதிவில் பாதி முகம் நிழலில் இருக்கும். ஹாலில் வெளிச்சம் இருந்தால் அந்த நிழலுக்குள் இருப்பதெல்லாம் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். சென்னை வெயிலில் பகலில் எந்தத் திரைச்சீலையும் உதவாது, ராத்திரிதான் சரி. எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு மேல்தான் போடுவோம். சமையற்கட்டு வேலை முடிந்து, குக்கர் விசில் ஓய்ந்திருக்கும். மேலே ஓடும் ஃபேனை ஒரு புள்ளி குறைத்துவிட்டு டேபிள் ஃபேனைத் தள்ளி வைத்தால் மெல்லப் பேசும் வசனமும் காதில் விழும்.

நடுவில் நிறுத்தாதீர்கள். இடைவேளை என்று படமே சொல்லும் இடத்தில் மட்டும் நிறுத்தி டீ குடியுங்கள். நம் இயக்குநர்கள் அந்த இடத்தை மனதில் வைத்தே முன்பாதியைக் கட்டுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த முறை, பழைய படம் ஒன்றையும் புதுப் படம் ஒன்றையும் ஜோடி சேர்த்து, அடுத்தடுத்த ராத்திரிகளில் பார்ப்பது. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் ஜோடி பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015). இரண்டும் நம் ஊரில் நடப்பவை. ஒன்றில் வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்த வீடு கட்டப் பார்க்கிறாள். மற்றதில் தண்டவாளத்தோரம் கரி பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்கள் 299 ரூபாய் பீட்சாவுக்கு ஆசைப்படுகிறார்கள். ஒரு தாளை எடுத்து, படத்தில் பணம் பற்றிப் பேச்சு வரும் இடங்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். யார் கேட்கிறார்கள், யார் தருகிறார்கள், தொகை சொல்லும்போது கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இயக்குநர் இருவரும் எங்கே ஒன்றாக நடக்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பது உங்களுக்கே பிடிபடும். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

'வீடு' படத்தில் ஒரு காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். கட்டி முடியாத வீட்டைப் பார்க்க அந்தப் பெண்ணின் தாத்தா தனியாக வருகிறார். நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். வசனம் தேவைப்படாத காட்சி. முதலில் ஒலியை அடைத்துவிட்டு அவர் நடையை மட்டும் கவனியுங்கள்: எங்கே நிற்கிறார், எங்கே திரும்புகிறார், பூசாத சுவரில் வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து விழுகிறது. அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இந்தப் படத்திலும் பாட்டு கிடையாது. இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்ற தன் ஆல்பத்தில் இருந்தே பின்னணி இசையைத் தந்திருக்கிறார். மூன்றாம் முறை படமும் ஒலியும் சேரும்போது, அந்த இசை முதியவரை அவசரப்படுத்தாமல் கூடவே நடப்பது தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் இது.

விமர்சனம் எதையும் அன்றைக்கே படிக்க வேண்டாம். கூட உட்கார்ந்து பார்த்தவர்களிடம் முதலில் பேசுங்கள்.

அடுத்த ஜோடிக்கு 'அந்த நாள்' படத்துடன் கமல்ஹாசனின் 'விருமாண்டி' (2004) சேர்த்துப் பாருங்கள். முன்னதில் ஒரு கொலையைப் பற்றிப் பலர் வாக்குமூலம் சொல்கிறார்கள், பின்னதில் ஒரே நிகழ்வுகளைச் சிறையில் இருக்கும் இருவர் தனித்தனியாகச் சொல்கிறார்கள். தாளில் இந்தத் தடவை குறிக்க வேண்டியது, யார் சொல்வதை நீங்கள் நம்பினீர்கள், எந்த இடத்தில் நம்பிக்கை போனது என்பது. 'விருமாண்டி' மூன்று மணி நேரத்தை நெருங்கும். சாப்பாட்டை முன்னதாக முடித்துக்கொண்டு எட்டரைக்கே போட்டுவிடுங்கள்.