எந்தப் போக்கிமான் கேம் கஷ்டம்? சண்டை போடாமல் அளந்து பார்க்கும் வழி

ஜூன் விடுமுறைக்குச் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன், என் பழைய போக்கிமான் கோல்டு கேம் கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதெல்லாம் சும்மா லெவல் ஏத்திக்கிட்டே போற கேம்தானே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நீ ஆடுற போக்கிமான் ஸ்கார்லெட்டைத் தூக்கத்திலேயே முடிக்கலாம்டா என்று நான் சொல்ல, அக்கா சாப்பிடக் கூப்பிடும்வரை அது ஓடியது. அப்புறம் யோசித்தால் நாங்கள் இரண்டு பேருமே கேமைப் பற்றிப் பேசவே இல்லை. நான் என் பத்து வயதைப் பற்றிப் பேசினேன், அவன் யூடியூபில் பார்த்ததைப் பேசினான். சரி, ஒழுங்காகவே அளந்துவிடலாம் என்று ஒரு பள்ளி நோட்டை எடுத்தோம். நீங்களும் செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் சின்ன வயது ஞாபகத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிம் லிம் ஸ்குவேரில் அப்பா வாங்கித் தந்த கோல்டை நான் விளையாடியபோது எந்த டைப் (நெருப்பு, நீர் மாதிரி வகை) எதை வெல்லும் என்றே தெரியாது, ஸ்டார்ட்டரை, அதாவது ஆரம்பத்தில் கிடைக்கும் முதல் போக்கிமானை மட்டும் வளர்த்துக்கொண்டு மற்ற ஐந்தையும் சுமைதூக்கிகளாக வைத்திருந்தேன், தோற்றதற்குக் கேம் என்ன செய்யும்? ஒரே ஆள், இன்றைக்கு இருக்கும் அறிவோடு, இரண்டையும் புதிதாக ஆட வேண்டும். ஆனால் எல்லாச் சண்டையையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்றாவது ஜிம் (ஜிம் என்பது ஒரு லீடரை வென்று தாண்ட வேண்டிய இடம்), கடைசி ஜிம், எல்லா ஜிம்மும் முடிந்தபின் வரும் சாம்பியன், இந்த மூன்று போதும்.

அடுத்தது விதி. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கோல்டு காலத்தில், சண்டையில் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளைப் பங்கிடும் எக்ஸ்பி ஷேர் என்பது ஒரு போக்கிமான் கையில் கொடுக்கும் பொருள், அதற்கு மட்டும்தான் பங்கு. 2013இல் வந்த எக்ஸ், வை கேம்களில் அது மொத்த அணிக்கும் ஆனது, சண்டை போட்டதற்கு முழுசு, வேடிக்கை பார்த்ததற்குப் பாதி. அப்போதாவது அணைத்துவைக்க முடிந்தது, 2019இன் ஸ்வார்டு, ஷீல்டு கேம்களில் அணைக்கும் வசதியும் போய்விட்டது. இதனால் "இருபது மணி நேரத்தில் முடித்தேன்" என்ற கணக்கை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. லெவலுக்கு வரம்பு போடுங்கள்: ஜிம் லீடரிடம் இருப்பதில் மிகப் பெரியது எந்த லெவலோ, உங்களுடையது அதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பாக்ஸில் (கேமின் சேமிப்புப் பெட்டி) போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். சண்டைக்கு நடுவே மருந்து கிடையாது. எதிராளி அடுத்ததை இறக்கும்போது நீங்களும் மாற்றுகிறீர்களா என்று கேட்குமே, அதை ஆப்ஷன்ஸில் போய் செட் (கேட்காத முறை) என்று மாற்றிவிடுங்கள். 2022இன் ஸ்கார்லெட், வயலெட்டில் அந்த செட்டே இல்லை, ஒவ்வொரு தடவையும் நீங்களே வேண்டாம் என்று அழுத்த வேண்டியதுதான்.

நோட்டில் எதிராளியின் லெவல், உங்கள் லெவல், எத்தனையாவது தடவையில் வென்றீர்கள், கடைசியில் எத்தனை மிச்சம் என்று நாலு கட்டம். ஐந்தாவதாக, ஏன் தோற்றீர்கள் என்று ஒரு வரி. எண்களைவிட அந்த ஒரு வரிதான் நிறையச் சொல்லும்.

ஜிம் லீடர் விட்னியின் மில்டாங்க் என்ற பெண் போக்கிமானையே எடுத்துக்கொள்ளுங்கள். கோல்டில் மூன்றாவது ஜிம், லெவல் 20. கட்டத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அதன் ரோல்அவுட் என்ற தாக்குதலின் பலம் முதல் அடியில் 30, தவறாமல் பட்டுக்கொண்டே போனால் 60, 120, 240, 480 என்று ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். அதை நிறுத்தப் போனால் அட்ராக்ட் என்ற மயக்கு வித்தையைப் போட்டுவிடும், ஆண் போக்கிமானாக இருந்தால் பாதி நேரம் மயங்கி நிற்கும், கோல்டில் கிடைக்கும் ஸ்டார்ட்டரோ எட்டில் ஏழு ஆண். எப்படியோ அடித்து இறக்கினாலும் மில்க் டிரிங்க் குடித்துப் பாதி உயிரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இதற்கு லெவல் ஏற்றுவது பதில் இல்லை, பாறையும் மண்ணும் சேர்ந்த டைப்பான ஜியோடூட்டில் பெண் ஒன்றைக் கொண்டுபோனால் அட்ராக்ட் செல்லாது, ரோல்அவுட்டும் பாதிதான் ஏறும். இப்போது 2009இல் வந்த ரீமேக்கான ஹார்ட்கோல்டைப் பாருங்கள், அதே மில்டாங்க் லெவல் 19தான், ஒன்று குறைவு, ஆனால் ஸ்கிராப்பி என்ற திறமை சேர்ந்திருக்கிறது. பழைய கேமில் பேய் டைப்பான கேஸ்ட்லியை நிறுத்தினால் மில்டாங்க்கின் ஸ்டாம்ப் என்ற உதை உள்ளே நுழைந்து வெளியே போய்விடும், ரீமேக்கில் பேய்க்கும் உதை விழும். லெவல் குறைந்தது, சண்டை கஷ்டமானது.

அக்கா மகன் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோல்டில் சாம்பியன் லான்ஸின் பெரிய டிராகோனைட் லெவல் 50, கடைசியில் மலை மேல் நிற்கும் ரெட் என்ற எதிராளியின் பிகாச்சு 81. நடுவில் இருக்கும் அந்த முப்பது லெவலுக்குத் தீனி போடக் காட்டில் போதுமான போக்கிமான் இல்லை, அரைத்த மாவையே அரைக்க வேண்டும். நான் உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ்வரை எம்ஆர்டியில் தினமும் அதைத்தான் செய்தேன். அது கஷ்டம் இல்லை, அலுப்பு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் கணக்கு கெட்டுவிடும், அலுப்புக்குத் தனியாக ஒரு மூலை ஒதுக்குங்கள்.

ரீமேக்குகளில் இன்னும் கவனம் வேண்டும். சாம்பியன் சிந்தியாவின் கார்சாம்ப் என்ற போக்கிமான் 2006இன் டயமண்டில் லெவல் 66, பிளாட்டினத்தில் 62, 2021இல் டயமண்டின் ரீமேக்காக வந்த பிரில்லியன்ட் டயமண்டில் மறுபடி 66. இந்தக் கடைசி கேமில் எக்ஸ்பி ஷேர் எப்போதும் ஓடுவதால் வழியெல்லாம் பஞ்சுமெத்தைதான், ஆனால் சிந்தியாவின் அணியைப் போட்டிக்குத் தயார் செய்வதுபோலச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், மெத்தையில் நடந்து வந்து நேராகச் சுவரில் முட்டுவதுபோல் இருக்கும். "எது கஷ்டம்" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் பதில் வராது, எந்தச் சண்டை என்று கேளுங்கள்.

ஸ்கார்லெட்டுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. ஜிம்களுக்கு எந்த வரிசையிலும் போகலாம், ஆனால் நீங்கள் எப்போது போனாலும் அவர்களுடைய லெவல் மாறாது. அதனால் லெவல் வரிசையிலேயே போங்கள், இல்லாவிட்டால் ஒரு ஜிம் தூசியாகவும் அடுத்தது மலையாகவும் தெரியும். பிளாக் 2 என்ற கேமில் இருக்கும் சேலஞ்ச் மோடை (கஷ்டத்தைக் கூட்டும் முறை) ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள், அது கேமை முடித்த பிறகுதான் திறக்கும். (சாப்பிட்டு முடித்தவனுக்கு ஊறுகாய் நீட்டுகிற ஏற்பாடு அது, யார் யோசனையோ.)

எங்கள் நோட்டில் மூன்றாவது ஜிம் மட்டும்தான் இதுவரை நிரம்பியிருக்கிறது. மில்டாங்க்கிடம் அக்கா மகன் நாலு தடவை தோற்று, ஐந்தாவதில் ஜியோடூட்டோடு போய் வென்றான். நான் ஸ்கார்லெட்டில் அயோனோவிடம் போனேன், மின்சார ஜிம், பெரியது லெவல் 24, மண் டைப் ஒன்று போதும் என்று கோப்பியைக் கலக்கிக்கொண்டே ஆரம்பித்தேன். கடைசியில் இறங்கிய மிஸ்மேஜியஸ் என்ற பேய் போக்கிமான் மின்சார டைப்பாக மாறியது, நான் நிலத்தை அதிரவைத்தேன், அது லெவிடேட் திறமையால் காற்றில் மிதந்துகொண்டே என்னைப் பார்த்தது. ஒன்றும் படவில்லை. கன்ஃப்யூஸ் ரேயால் குழப்பிக் குழப்பி என் அணியையே முடித்துவிட்டது. மூன்று தடவை ஆனது. ஐந்தாவது கட்டத்தில் நான் எழுதுவதற்குள் அவனே பேனாவைப் பிடுங்கி எழுதிவிட்டான்: "மாமா படிக்காமல் வந்தார்."