சித்திரை வெயிலில் கொல்லையும் வத்தல் தட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடினால் மறுபடி திறப்பது ஜூன் 12-ல்தான். நடுவில் இருக்கும் மாதங்களில் டெல்டாவில் கொல்லைத் தோட்டத்துக்குக் கை கொடுப்பது அடிபம்பும் போரும் அடுப்படித் தண்ணீரும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு கோடை மழையும். இருக்கிற தண்ணீர் செடிக்குப் போதும். ஊற்றும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கத்தரிச் செடி துவண்டு நிற்கும். பதறிப்போய் வாளியைத் தூக்காதீர்கள். உச்சி வெயிலில் வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை விடுகிறது. மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கத்தான் செய்யும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்துவிட்டால் அதற்குத் தாகமில்லை. சந்தேகம் இருந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் விட்டுவிடலாம். இரக்கப்பட்டு மூன்று வேளையும் ஊற்றினால் நம் களிமண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும்; அழுகிய வேர் நீரை இழுக்காது; இலை மறுபடி துவளும்; நாமும் மறுபடி ஊற்றுவோம். காலை ஏழு மணிக்கும் தலை தொங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது மண் காய்ந்திருந்தால் தாகம், ஈரமாக இருந்தால் வேரழுகல்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். மொட்டைமாடிக் கறுப்பு டேங்கிலும் வெயிலில் சுருண்டு கிடக்கும் குழாயிலும் இருக்கும் தண்ணீர் மூன்று மணிக்குக் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதைத் தொட்டியில் விட்டால் மேலாக இருக்கும் இளவேர் வெந்துவிடும். குழாயில் தங்கியதை வாளியில் பிடித்து ஆறவிட்டு, விடிகாலையில் ஊற்றுங்கள். தொட்டியைத் தளத்தின் மேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

தரையில் இருக்கும் பாத்தி என்றால் வெடிப்புதான் எதிரி. வெடித்த மண்ணில் நேராக ஊற்றினால் தண்ணீர் வெடிப்பு வழியே கீழே இறங்கிவிடும். வேர் இருக்கும் இடம் நனையாது. முதலில் மேல்மண்ணை இரண்டு அங்குலம் கொத்தி வெடிப்பை மூடுங்கள். லேசாகத் தெளித்து, அரை மணி நேரம் கழித்து மீதியை ஊற்றுங்கள். பிறகு மூன்று அங்குலத்துக்கு வைக்கோல் மூடாக்கு. தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரற்கடை இடம் விடவேண்டும். இல்லாவிட்டால் கரையான் ஏறும், தண்டும் அழுகும். தென்னைக்கும் தூரிலேயே ஊற்றுவது வீண். தூரைச் சுற்றி ஆறடி ஆரத்துக்குள் பாத்தி கட்டி, தேங்காய் மட்டையை முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்புங்கள்.

அரிசி களைந்த தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். சோப்புத்தூள் போட்டுத் துவைத்த தண்ணீர் வேண்டாம். அதில் இருக்கும் சோடியம் களிமண்ணை இறுக்கி, காய்ந்ததும் கல்லாக்கிவிடும். வேதாரண்யம், நாகைப் பக்கம் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீடுகளில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது தவறு. தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலேயே தங்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை நன்றாக ஊறும்படி விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். தொட்டி மண்ணில் வெள்ளையாகப் பூத்தால் அந்த மேல்மண்ணைச் சுரண்டி எறியுங்கள்.

தக்காளிப் பூ உதிர்கிறது என்று யூரியாவை அள்ளிப் போடுபவர்கள் உண்டு. 35 டிகிரியைத் தாண்டிய வெயிலில் அதன் மகரந்தம் வேலை செய்யாது. எந்த உரமும் காயைப் பிடிக்க வைக்காது, யூரியா இலையைத்தான் வளர்க்கும். இந்த வெயிலுக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, பாத்தி ஓரத்தில் ஒரு பிடி நொய்யைப் போட்டுவையுங்கள். எறும்பு விதையை விட்டுவிட்டு அதை இழுத்துக்கொண்டு போகும். வாழையில் இலை அறுப்பதும் பார்த்துச் செய்யவேண்டும்: தார் தள்ளிய மரத்தில் ஏழெட்டு இலையாவது நிற்காவிட்டால் காய் திரளாது. விருந்தாளி வந்தால் தார் போடாத மரத்தைத் தேடுங்கள்.

இனி வத்தல். தோட்டத்தில் ஈரத்தைக் காப்பாற்றவேண்டும், தட்டில் அதை விரட்டவேண்டும். கூழ் வடாத்துக்குக் கூழ் அடுப்பில் இருக்கும்போதே உப்பு சரியாக இருந்தால், காய்ந்து சுருங்கியபின் கரிக்கும். ருசி பார்க்கும்போது அரை உப்பாகத் தெரியவேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை கிளறுங்கள். வேகாத கூழ் துணியில் வெடித்து, எடுக்கும்போது நொறுங்கும்.

மோர் மிளகாயில் உப்பைக் குறைக்கவே கூடாது. அங்கே உப்புதான் காவல். ஒரு கிலோ மிளகாய்க்கு 100 முதல் 125 கிராம் கல் உப்பும், ஒரு லிட்டர் கெட்டியான புளித்த மோரும். காம்பைக் கிள்ளாமல் நுனியில் மட்டும் கீறுங்கள். அலுமினியமும் பித்தளையும் புளிப்போடு சேராது என்பதால் பீங்கான் ஜாடிதான் சரி. இரண்டு நாள் ஊறியபின் பகலில் மிளகாயை மட்டும் வெயிலில் பரப்பி, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போடவேண்டும். முதல் நாளே மோரைக் கொட்டிவிட்டால் காரம் மட்டும் மிஞ்சும். மூன்று நான்கு நாளில் மோர் வற்றியதும், மிளகாய் வெளுத்து, குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும்வரை காயவிடுங்கள். கடற்கரை ஊர்களில் ஐந்து மணிக்கே உள்ளே எடுத்துவிடுவது நல்லது. ஈரக்காற்று பட்டால் பகல் முழுக்கக் காய்ந்தது வீணாகும். எடுத்த சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும்.

குடிதண்ணீர்ப் பானையைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதும், பெயின்ட் அடிப்பதும், காற்றில்லாத மூலையில் வைப்பதும் ஒரே தவறுதான். கண்ணுக்குத் தெரியாத துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. தேங்காய் நாரால் வெறுமனே தேய்த்து, காற்றோட்டமான தாழ்வாரத்தில், மணல் பரப்பி அதன் மேல் வையுங்கள். கசியும் ஈரத்துக்கு மணலில் ஒரு பிடி வெந்தயம் தூவினால் பத்துப் பன்னிரண்டு நாளில் சாம்பாருக்குக் கிள்ளிப்போடக் கீரை கிடைக்கும்.