கொழுத்த லாப்ரடாரை இளைக்க வைப்பது எப்படி?

எங்கள் லாப்புக்கு இப்போது இடுப்பு தெரிகிறது. என்ன செய்தோம் என்று நடைப்பயிற்சியில் பார்ப்பவர்களெல்லாம் கேட்பதால் எழுதிவிடுகிறேன். வளரும் குட்டிகளுக்குக் கீழே சொல்லும் உணவுக் கணக்கு ஆகாது. அளவாகத் தின்றும் உடம்பு ஏறுகிற நாய்க்கு முதலில் தைராய்டு பரிசோதனை.

தட்டை நக்கிவிட்டு லாப் பார்க்கும் பார்வையை நம்பாதீர்கள். பசியை அடக்குவதில் பங்குள்ள பிஓஎம்சி மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்புக்கு இது உண்டு. அதனிடம் 'போதுமா' என்று கேட்டுப் பயனில்லை.

1. விலாவைத் தடவிப் பாருங்கள்

உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்படுகிறதல்லவா, விலா அப்படி இருக்க வேண்டும். உள்ளங்கைபோல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு.

2. எடை

தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறுவதெல்லாம் பக் நாய்க்குத்தான் சரி. வெட் (கால்நடை மருத்துவர்) கிளினிக் தூரம் என்றால் பழைய இரும்புக் கடைத் தராசு போதும். கடைக்காரர் சிரிப்பார், அவ்வளவுதான். நன்கு வளர்ந்த ஆண் லாப் பொதுவாக 29 முதல் 36 கிலோ, பெண் 25 முதல் 32. உங்கள் நாய்க்கு எது சரி என்று மருத்துவரிடம் கேட்டு ஓர் இலக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. கணக்கு

பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். சூத்திரம் இது: இலக்கு எடையின் 0.75 அடுக்கு, அதை 70-ஆல் பெருக்க வேண்டும். போனில் 'அடுக்கு' பொத்தானைத் தேட வேண்டாம். எடையை மூன்று முறை பெருக்கி, இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள். இலக்கு 30 கிலோ என்றால் 30 × 30 × 30 = 27,000. ஒருமுறை வர்க்கமூலம் 164.3, இன்னொரு முறை 12.8. அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 900 கலோரி. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து அவ்வளவுதான்.

நினைவிருக்கட்டும், போடுவது இலக்கு எடை, இன்றைய எடை அல்ல. பாக்கெட்டின் பின்னாலுள்ள அட்டவணையை நான் மதிப்பதில்லை. கலோரி அளவை மட்டும் அதில் பாருங்கள். 100 கிராமுக்கு 350 கலோரி என்றால் நாளைக்கு 256 கிராம். கப்பில் அளந்தால் கை தாராளமாகிவிடும், சமையலறை டிஜிட்டல் தராசு வாங்குங்கள். அளவை ரொம்பக் குறைக்க வேண்டியிருந்தால் சத்துக் குறையும், அப்போது எடை குறைப்புக்கென்றே விற்கும் உணவுக்கு மாறுவது நல்லது.

4. டப்பா

தராசெல்லாம் சுலபம், வீட்டு மனிதர்கள்தான் கஷ்டம். அப்பா பிஸ்கட், பாட்டி இட்லி, பிள்ளைகள் மேசைக்கடியில் சப்பாத்தி. சாதாரண பிஸ்கட் 100 கிராமிலேயே 450 கலோரி இருக்கும். சண்டை போடாதீர்கள். அன்றைய 256 கிராமிலிருந்தே 25 கிராமை எடுத்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். யார் கொஞ்சினாலும் அதிலிருந்துதான். தீர்ந்தால் மறுநாள்தான். வெள்ளரி, கேரட், உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ் கொஞ்சம் கொடுக்கலாம்.

பாட்டி மசியவில்லை என்றால் இதைச் சொல்லுங்கள்: 48 லாப்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. கால் பங்கு குறைவாகத் தின்றவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. எங்கள் வீட்டில் இதற்குப் பிறகுதான் இட்லி நின்றது.

5. நடை

காலை வெயிலுக்கு முன், மாலை தார்ச் சாலை ஆறிய பின். குண்டு நாயை ஓட விடாதீர்கள், மூட்டு போய்விடும்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் சரியான வேகம். 38 கிலோ நாய்க்கு அது 400 முதல் 750 கிராம்.

பிறகு சேர்த்தது: தயிர் சாதம் மட்டும் போடுகிறோம், எப்படி அளப்பது என்று சிலர் கேட்டார்கள். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி, எண்ணுவது சுலபம். ஆனால் தயிர் சாதம் மட்டும் நாய்க்கு முழு உணவாகாது. முட்டையோ கோழியோ எவ்வளவு சேர்ப்பது என்று வெட்டிடம் கேளுங்கள். தட்டில் வெங்காயம் விழக் கூடாது. திராட்சையும் கிஸ்மிஸும் அறவே கூடாது. கருத்தடை செய்த நாய்க்குத் தேவை குறையும். எடை நகரவே இல்லை என்றால் முதலில் டப்பாவை யாராவது ரகசியமாக நிரப்புகிறார்களா என்று பாருங்கள்.