இலங்கை, கனடியக் கடவுச்சீட்டில் அமெரிக்காவில் கடை வாங்கிக் குடியேற: இ-2 விசா வழிகாட்டி

அமெரிக்காவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடையை வாங்கி, அதை நடத்துவதற்காகக் குடும்பத்தோடு போய் வாழ இடம் தரும் விசாதான் இ-2. அமெரிக்காவோடு இதற்கான ஒப்பந்தம் செய்துள்ள நாட்டின் குடிமக்களுக்கு மட்டுமே இது கிடைக்கும். இலங்கைக்கு 1993 முதல் அந்த ஒப்பந்தம் இருக்கிறது. கனடா, சிங்கப்பூர், ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாவற்றுக்கும் உண்டு. பிரித்தானியக் குடிமக்களுக்கும் உண்டு, ஆனால் அவர்கள் பிரித்தானியாவிலேயே வசிப்பவர்களாக இருக்க வேண்டும். இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இல்லை. ரொறன்ரோவில் கனடியக் குடியுரிமை எடுத்த யாழ்ப்பாணத்தவர் விண்ணப்பிக்கலாம். சென்னையில் எவ்வளவு பணம் இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டில் முடியாது.

கிரனடா, துருக்கி போன்ற நாடுகளின் குடியுரிமையைப் பணம் கட்டி வாங்கி, அதை வைத்து இ-2 எடுக்கலாம் என்று சொல்லும் முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் சட்டம் மாறிவிட்டது. முதலீடு செய்து குடியுரிமை பெற்றவர், விண்ணப்பிக்கும் முன் அந்த நாட்டில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நிலையாக வசித்திருக்க வேண்டும். இந்தியக் குடிமக்கள் பார்க்க வேண்டியது எல்-1, அதாவது ஒரே நிறுவனத்துக்குள் இடம் மாறி வருபவர்களுக்கான விசா. இந்தியாவில் உள்ள சொந்த நிறுவனம் தொடர்ந்து இயங்க வேண்டும், அதன் கிளையாகவோ துணை நிறுவனமாகவோ அமெரிக்கத் தொழிலை வாங்க வேண்டும், போகிறவர் கடந்த மூன்று ஆண்டுகளில் ஓராண்டாவது இந்திய நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். அதன் நடைமுறை வேறு. இங்கே சொல்வது இ-2 பற்றி மட்டும்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முதலில் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இ-2 கிறீன் கார்ட் அல்ல, தானாக ஒருநாளும் கிறீன் கார்டாக மாறாது. தொழில் ஓடும்வரை எத்தனை முறையும் புதுப்பிக்கலாம், அவ்வளவுதான். பிள்ளைகள் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம், வேலை செய்ய முடியாது. 21 வயது நிறைந்த அன்று உங்கள் விசாவிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள். 17 வயதில் மகள் இருக்கிறாள் என்றால் அவளுக்கு மாணவர் விசாவா, வேறு வழியா என்பதைக் கடை தேடும் முன்பே முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு பணம்?

சட்டத்தில் குறைந்தபட்சத் தொகை கிடையாது. கடையின் மொத்தச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். கடை சிறியதாக இருந்தால் கிட்டத்தட்ட முழுப் பணமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பல மில்லியன் டொலர் தொழிலென்றால் குறைந்த வீதமும் போதும். நடைமுறையில் 100,000 டொலருக்குக் கீழே போனால் கேள்விகள் கூடும்.

கடன் வாங்கலாமா? கொழும்பு வீட்டை அடகு வைத்து எடுத்த கடன் உங்கள் முதலீடாகவே கணக்கில் சேரும், ஏனென்றால் இழப்பு வந்தால் போவது உங்கள் வீடு. வாங்கும் கடையையே ஈடு காட்டி எடுத்த கடனும், அந்தக் கடையை ஈடாகப் பிடித்து விற்பவர் தவணைக்கு விடும் தொகையும் சேராது. 200,000 டொலர் கடையில் 100,000 விற்பவரின் தவணை என்றால், தூதரகத்தின் கண்ணில் நீங்கள் போட்டது பாதிதான். அமெரிக்க அரசு சிறுதொழில்களுக்கு ஆதரவாகத் தரும் எஸ்பிஏ கடனை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பணம் வந்த வழி மிக முக்கியம். காணி விற்ற பணமென்றால் பழைய உறுதி, விற்பனை உறுதி, வங்கியில் வரவான நாள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அக்கா தந்த அன்பளிப்பு என்றால் அக்காவுக்கு அது எப்படி வந்தது என்பதற்கும் சான்று வேண்டும். உண்டியலில் அனுப்பிய பணம் இந்த விண்ணப்பத்தில் பயன்படாது; வங்கித் தடம் இல்லாத ஒவ்வொரு டொலரும் சந்தேகத்தையே கூட்டும். இலங்கையிலிருந்து அனுப்புபவர்கள் மத்திய வங்கியின் வெளிநாட்டு முதலீட்டு வரம்பையும் அதற்கான கணக்கையும் பற்றித் தங்கள் வங்கியில் முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு பணம் நாட்டைவிட்டு வெளியேற முடியாமல் நின்றால், முன்பணம் போய்விடும்.

அங்கே இருக்கும் அண்ணனோடு கூட்டுச் சேர்வது நம்மவர்களிடம் வழக்கம். நிறுவனத்தில் குறைந்தது 50 வீதம் ஒப்பந்த நாட்டவர் கையில் இருக்க வேண்டும். அண்ணன் இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருந்தாலும், அவரிடம் கிறீன் கார்ட் இருந்தால் அவருடைய பங்கு அந்த 50 வீதத்தில் சேராது. உங்களுக்கு 40, அண்ணனுக்கு 60 என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும்.

கணக்கில் இல்லாதது கடையில் இல்லை

இந்த வழியில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். பெற்றோல் நிலையம், பலசரக்குக் கடை, மதுக்கடை விற்பவர்களில் சிலர் ரகசியக் குரலில் சொல்வார்கள்: "வரிக் கணக்கில் 40,000தான் காட்டியிருக்கிறேன், உண்மையில் ஒரு லட்சம் வரும்." அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் வாங்காதீர்கள். தூதரக அதிகாரி பார்ப்பது வரிப் படிவத்தை மட்டும்தான். தொழில் உங்கள் குடும்பத்தின் வயிற்றுப்பாட்டுக்கு மேல் சம்பாதிக்க வேண்டும், அல்லது ஐந்து ஆண்டுக்குள் அப்படிச் சம்பாதிக்கும் தகுதி இருக்க வேண்டும் என்பது விதி. காட்டாத வருமானத்துக்கு விலை கொடுத்தால், பணமும் அதிகம் போகும், விசாவும் வராது.

வேலையாட்களும் அப்படியே. கணவனும் மனைவியும் மட்டும் காலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு வரை நிற்கும் கடை இந்த விசாவுக்குப் பலவீனமான கடை. முறைப்படி சம்பளப் பட்டியலில் இரண்டு மூன்று பேர் இருப்பதை சம்பள வரிக்கான 941 காலாண்டுப் படிவமும், ஒவ்வொருவரின் ஆண்டுச் சம்பளத்தைச் சொல்லும் டபிள்யூ-2 படிவங்களும் காட்ட வேண்டும். கையில் காசு கொடுத்து வைத்திருக்கும் ஆட்கள் இந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியவை: மூன்று ஆண்டு மத்திய வரிப் படிவங்கள், மாநில விற்பனை வரிப் படிவங்கள், 24 மாத வங்கிக் கூற்றுகள், கல்லா இயந்திரத்தின் மாத அறிக்கைகள். விற்பவர் கையில் தரும் வரிப் படிவம் மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் போன படிவம்தானா என்பதையும் பாருங்கள். தன் வரித் தகவலைப் பிறர் பார்க்க அனுமதி தரும் 8821 படிவத்தில் அவர் கையெழுத்திட்டால் உங்கள் கணக்காளர் ஐஆர்எஸ்ஸிடமே நேரடியாகச் சரிபார்க்கலாம். கையெழுத்திட மறுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விலையை இப்படிச் சரிபாருங்கள். தரகர் "உரிமையாளர் வருமானம் 80,000, அதன் 2.5 மடங்கு, விலை 200,000" என்கிறார். சிறு கடைகள் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மடங்குக்குத்தான் கைமாறும், ஆகவே மடங்கு நியாயம்தான். ஆனால் விற்பவரின் மனைவி வாரம் 40 மணி நேரம் சம்பளமில்லாமல் கல்லாவில் நிற்கிறார். அந்த இடத்தில் மணிக்கு 12 டொலருக்கு ஆள் வைத்தால் ஆண்டுக்கு 24,960. முதலாளி கட்டும் 7.65 வீத வரியோடு ஏறக்குறைய 27,000. உண்மை வருமானம் 53,000, நியாயமான விலை 132,500. இந்த ஒரு கழித்தலைச் செய்யாததால் 67,500 டொலர் கூடுதலாகப் போயிருக்கும்.

காசு போட்டுத் துணி துவைக்கும் கடையான கொயின் லோண்டரியில் கணக்கைவிடத் தண்ணீர்க் கட்டணப் பட்டியல் உண்மை பேசும். மாதம் 150,000 கலன் தண்ணீர், இயந்திரம் ஒரு துவைப்புக்குச் சராசரி 20 கலன் என்றால் 7,500 துவைப்பு. துவைப்புக்கு 4 டொலர் வைத்தால் 30,000. துவைப்பில் மட்டும் 45,000 வருகிறது என்று விற்பவர் சொன்னால் அந்த எண் பொய். இயந்திரங்களின் கலன் அளவை ஒவ்வொன்றின் தகட்டிலும் உள்ள மாடல் எண்ணை வைத்து உற்பத்தியாளரின் கையேட்டில் பாருங்கள். நிலத்தடிக் குழாய் ஒழுகினாலும் பட்டியல் கூடும் என்பதால் 24 மாதப் பட்டியல்களையும் வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள்.

பெற்றோல் நிலையத்தில் லாபம் எண்ணெயில் அல்ல, உள்ளே விற்கும் பொருளில்தான் பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். எண்ணெய் தரும் நிறுவனத்தோடு உள்ள ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மீதி, பெயர்ப்பலகையை மாற்றினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று படியுங்கள். நிலத்தடித் தாங்கியின் கசிவுச் சோதனை அறிக்கையும், நிலத்தின் முதற்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வும் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். கசிந்த தாங்கியைச் சுத்தம் செய்யும் செலவு கடை விலையையே தாண்டலாம்.

ஒப்பந்தம்

நிறுவனத்தின் பங்கை வாங்காமல், அதன் சொத்துகளை மட்டும் உங்கள் புதிய நிறுவனத்தின் பெயரில் வாங்குங்கள். பங்கை வாங்கினால் பழைய கடன், பழைய வழக்கு எல்லாம் கூடவே வரும். பல சிறு கடைகள் எஸ்-கார்ப்பரேஷன் என்ற வரிப் பிரிவில் இருக்கும்; அமெரிக்காவில் வரி வதிவிடம் இல்லாத வெளிநாட்டவர் அதில் பங்கு வைத்திருக்க முடியாது, வாங்கிய அன்றே அந்தத் தகுதி போய்விடும்.

சொத்தாக வாங்கினாலும் பழைய விற்பனை வரிப் பாக்கி உங்கள் தலையில் விழலாம். ரெக்சாஸில், விற்பவருக்கு வரிப் பாக்கி இல்லை என்ற சான்றிதழை மாநில வரி அதிகாரியான கொம்ப்ட்ரோலரிடம் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுத்தால், வாங்கிய விலை அளவுக்கு அந்தப் பாக்கிக்கு நீங்கள் பொறுப்பு. உபகரணங்கள் யாருக்காவது ஈடாக உள்ளனவா என்று, ஈடுகள் பதியப்படும் அரசுப் பதிவேட்டில் யூசிசி தேடலும் செய்யுங்கள்.

விசா வருமுன் பணத்தைக் கொடுக்கவும் முடியாது, கொடுக்காமலும் இருக்க முடியாது. முதலீடு திரும்பப் பெற முடியாதபடி ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது விதி. இதற்கு வழி எஸ்க்ரோ. பணம் மூன்றாம் தரப்பிடம் இருக்கும், விசா கிடைத்தால் விற்பவருக்குப் போகும், மறுக்கப்பட்டால் உங்களுக்குத் திரும்பும். இதை அமெரிக்கத் தூதரகங்கள் ஏற்கின்றன. "நான் விரும்பினால் விலகலாம்" என்ற தொனியில் ஒரு வரி இருந்தாலும் அது ஒப்படைப்பாகாது. வெளியேறும் நிபந்தனை விசா மறுப்பாகவே இருக்கட்டும். காலக்கெடுவைத் தாராளமாக, ஆறு மாதமாவது எழுதுங்கள். தூதரகத் தாமதத்தில் ஒப்பந்தம் காலாவதியாகி, விற்பவர் வேறொருவருக்கு விற்றுவிடும் ஆபத்து உண்மையானது.

கடையிலுள்ள சரக்குக்கு விலை தனி. கைமாறும் அன்று இரு தரப்பும் கூடி எண்ணி, கொள்முதல் விலையில் கணக்கிட வேண்டும். காலாவதியான பொருள் சேராது என்று முன்கூட்டியே எழுதுங்கள்.

குத்தகையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கட்டட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கடை கைமாறாது. இரண்டாண்டு மட்டுமே மீதியுள்ள குத்தகையோடு ஐந்தாண்டுத் திட்டம் கொடுத்தால் அதிகாரி எப்படி நம்புவார்? நீட்டிக்கும் உரிமையோடு சேர்த்து ஐந்தாண்டுக்கு மேல் வாங்குங்கள். மதுபானம், லொத்தர், புகையிலை, உணவு மானிய அட்டை எதற்கும் விற்பவரின் அனுமதியில் நீங்கள் விற்க முடியாது. உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மானிய அட்டையில் வரும் கடையில், அனுமதி வரும்வரை அந்த வரவு நின்றுவிடும். அதற்கும் சேர்த்து மூன்று மாத நடைமுறைச் செலவைக் கையில் வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் நீங்கள் பி-1 வருகை விசாவில் போய்க் கடையைப் பார்க்கலாம், பேரம் பேசலாம், கையெழுத்திடலாம். "ஒரு வாரம் பழகிப் பார்க்கிறேன்" என்று கல்லாவில் நிற்கக் கூடாது, அது வேலை. விற்பவர் தரும் பயிற்சியை விசா வந்த பிறகு நான்கு வாரம் என்று ஒப்பந்தத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவில் அவர் புதுக்கடை திறக்கக் கூடாது என்ற வரியும் தூரத்தோடும் ஆண்டோடும் இருக்க வேண்டும்.

விண்ணப்பமும் பிறகும்

டிஎஸ்-160 இணைய விசாப் படிவம், தூதரகம் கேட்டால் டிஎஸ்-156இ என்ற இ-விசாத் துணைப் படிவம், ஆளுக்கு 315 டொலர் கட்டணம், நேர்காணல். கோப்பில் பணத் தடம், ஒப்பந்தம், எஸ்க்ரோ கடிதம், குத்தகை, விற்பவரின் வரிப் படிவங்கள், ஐந்தாண்டுத் தொழில் திட்டம் இருக்கும். திட்டத்தை யாரோ எழுதித் தந்திருந்தாலும் எண்கள் உங்கள் நாவில் இருக்க வேண்டும். மாத வாடகை எவ்வளவு, எத்தனை வேலையாட்கள், எந்தப் பொருளில் லாபம் கூட என்று கேட்கும்போது சட்டத்தரணியின் கோப்பைப் புரட்டுபவரை அதிகாரி கடைக்காரராகக் காண மாட்டார்.

உங்கள் நிறுவனம் ஒருவருக்கே சொந்தமான எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) என்றால், நீங்கள் இன்னும் வெளிநாட்டு வதிவாளராக இருக்கும் ஆண்டிலேயே, வெளிநாட்டு உரிமையாளரோடு நடந்த பரிமாற்றங்களை ஐஆர்எஸ்ஸுக்கு அறிவிக்கும் 5472 படிவம் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்கு நீங்கள் பணம் போட்டதே அறிவிக்க வேண்டிய பரிமாற்றம். தவறினால் தண்டம் 25,000 டொலர். குடியேறி வரி வதிவாளரான பின், வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒருநாளாவது 10,000 டொலரைத் தாண்டினால் அதையும் தனியாக அறிவிக்க வேண்டும். ஊரில் அம்மாவோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கும் இதில் அடங்கும்.

விமான நிலையத்தில் நுழைந்ததும், எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 நுழைவுப் பதிவை இணையத்தில் இறக்கிப் பாருங்கள். விசா எத்தனை ஆண்டுக்கு ஒட்டப்பட்டிருந்தாலும் ஒரு நுழைவுக்குத் தங்க அனுமதி இரண்டு ஆண்டுதான். கடவுச்சீட்டு அதற்கு முன் முடிவதாக இருந்தால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவார்கள். ஆகவே புறப்படும் முன் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மனைவியின் அல்லது கணவரின் பதிவில் இ-2எஸ் என்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தனி அனுமதி அட்டை இல்லாமல் அவர் எங்கும் வேலைக்குப் போகலாம். வெறும் இ-2 என்று பதிந்திருந்தால் வேலை தருபவர் ஏற்க மாட்டார். அன்றைக்கே நுழைவுத் துறையின் திருத்த அலுவலகத்தைத் தொடர்புகொண்டு மாற்றிக்கொள்ளுங்கள்.